குளுக்கோஸ் குடித்தால் இறங்க வேண்டிய ஹார்மோன்

வெறும் வயிற்றில் வரச் சொல்லி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது எங்கள் லேபில் அன்றாடம் நடக்கிற வேலை. வருகிறவர்களில் கர்ப்பிணிகள்தான் அதிகம். எப்போதாவது ஒரு சீட்டு வேறு மாதிரி வரும்: சுகரோடு சேர்த்து ஒவ்வொரு சாம்பிளிலும் ஜிஎச் பார்க்கவும். ஜிஎச் என்றால் குரோத் ஹார்மோன், வளர்ச்சி ஹார்மோன். சீட்டைப் பார்த்ததும் நான் முதலில் பார்ப்பது ஆளின் கையை.

அப்படி வந்தவர் ஒரு லேத் பட்டறைக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. டூர்னிகே கட்டக் கையை நீட்டச் சொன்னால், உள்ளங்கை மெத்து மெத்தென்று இருக்கிறது, விரல் ஒவ்வொன்றும் தடிப்பு. கல்யாண மோதிரம் இறுகிப்போய் ஆசாரியிடம் அறுத்து எடுத்ததாகவும், எட்டாம் நம்பர் செருப்பு இப்போது பத்தாகிவிட்டதாகவும் கூட வந்த மனைவி சொன்னார். உடம்பு பூசினால் கை கால் பூசும், சரி. பாதம் நீளுமா? அதை யாரும் கேட்கவில்லை. சுகர் மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது. வருஷா வருஷம் மாத்திரை ஏறியது. சோற்றைக் குறைக்கவில்லை என்று போன இடமெல்லாம் திட்டு வாங்கினார். கடைசியில் அவருடைய முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எண்டோகிரைன் ஓபிக்கு (ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் பிரிவு) அனுப்பியவர் ஒரு பல் டாக்டர். கீழ்த்தாடை முன்னால் வந்து, பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்திருந்தது.

குளுக்கோஸ் டம்ளரைக் கையில் கொடுத்ததும் அவர் கேட்டார்: “சிஸ்டர், சுகர் இருக்குன்னு சோத்தையே பாதியா குறைச்சுட்டாங்க. நீங்க சர்க்கரைத் தண்ணியைக் குடுக்கிறீங்களே?”

நியாயமான கேள்வி. சுகர் ரொம்ப அதிகமாக இருக்கிறவர்களுக்கு இந்த டெஸ்ட் செய்ய மாட்டார்கள். செய்தாலும் முடிவை நம்ப முடியாது. அவருக்கு அன்று காலை வெறும் வயிற்றில் 118 தான் இருந்தது, டாக்டர் சரி என்றார். “அண்ணே, உங்க சுகரைப் பார்க்கிறதுக்கு இல்ல இது. சுகர் ஏறினா உங்க தலைக்குள்ள ஒரு சுரப்பி அடங்குதான்னு பார்க்கிறதுக்கு” என்றேன். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தால் குமட்டல் கொஞ்சம் குறையும். ஐந்தே நிமிஷத்துக்குள் குடித்து முடித்தார்.

அதுதான் விஷயம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், நல்ல நிலையில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி ஜிஎச் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் அது மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் கீழே இறங்கிவிட வேண்டும். பிட்யூட்டரியில் ஜிஎச் சுரக்கிற கட்டி இருந்தால் அது யார் பேச்சையும் கேட்காது. சிலருக்கு இறங்குவதற்குப் பதிலாக ஏறவே செய்யும். இவருக்கு ஐந்து சாம்பிளிலும் பத்துக்குக் குறையவில்லை. ஜிஎச் தூண்டி உடம்பில் உருவாகும் ஐஜிஎஃப்-1 என்கிற ஹார்மோனும் ஏற்கெனவே எகிறியிருந்தது. எம்ஆர்ஐயில் கட்டி தெரிந்தது. ஜிஎச் அதிகமாகிக் கை, கால், தாடை பெருக்கும் இந்த நோய்க்குப் பெயர் அக்ரோமெகலி.

கை வளர்ந்ததற்கும் சுகர் வந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் மனைவி கேட்டார். ஜிஎச்சுக்கு உயரத்தைத் தவிர இன்னொரு வேலை உண்டு: நாம் சாப்பிடாத நேரத்தில் இருப்பைக் காப்பது. கொழுப்பு செல்களிடம் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடச் சொல்லும். தசைக்கு எரிக்கக் கொழுப்பு கிடைத்துவிடுவதால் அது சர்க்கரையை வாங்காது, இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும். கல்லீரலோ தன் பாட்டுக்குச் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பட்டினி கிடக்கிற ராத்திரிக்கு இது நல்ல ஏற்பாடு. மூளைக்குச் சர்க்கரை மிச்சமாகும், தசை கரையாது. இதே ஏற்பாடு இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால், கணையம் எவ்வளவு இன்சுலின் சுரந்தாலும் போதாது. அரிசியைக் குறை சொல்லி என்ன பயன்?

பிட்யூட்டரிக்கும் சுகருக்கும் உள்ள இந்தத் தொடர்பை முதலில் நாயிலும் தேரையிலும் பார்த்தவர் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே. கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்குக் கடுமையான நீரிழிவு வரும். அதே நாயின் பிட்யூட்டரியையும் எடுத்துவிட்டால் நீரிழிவு தணிந்துவிடும். பிட்யூட்டரியின் முன்பகுதிச் சாற்றைச் செலுத்தினால் மறுபடி சர்க்கரை ஏறும். அந்தச் சாற்றில் பல ஹார்மோன்கள் உண்டு, ஜிஎச் அதில் ஒன்று. 1943இல் ராணுவ அரசு அவரைப் பல்கலைக்கழகத்தை விட்டே அனுப்பியது. 1947இல் நோபல் வந்தது. எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும்.

இதற்கு நேர் எதிரான டெஸ்ட் ஒன்றும் இருக்கிறது. ஜிஎச் போதாது என்று சந்தேகப்பட்டால், நரம்பில் இன்சுலின் போட்டு வேண்டுமென்றே சுகரை 40க்குக் கீழே இறக்குவார்கள். டாக்டர் பக்கத்திலேயே நிற்பார், டெக்ஸ்ட்ரோஸ் சிரிஞ்ச் தயாராக ட்ரேயில் இருக்கும். வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்கு இது கிடையாது. சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும், கை நடுங்கும், சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். அந்த நேரத்தில்தான் நான் சாம்பிள் எடுக்க வேண்டும். சர்க்கரை இப்படி விழுந்தால் ஆரோக்கியமான உடம்பு ஜிஎச்சை அள்ளி விடும். பெரியவர்களுக்கு 5 நானோகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் குறையில்லை என்று அர்த்தம். அந்த ஹார்மோன் இல்லாமல் பிறக்கிற குழந்தைகளுக்குப் பால் குடிக்கத் தாமதமானாலே சுகர் விழுவது இதனால்தான்.

ராத்திரி ஆழ்ந்து தூங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஜிஎச் பெரிய அளவில் வரும். அதன் விளைவு சில மணி நேரம் கழித்துத் தெரியும். இன்சுலின் போதுமான அளவு இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நீரிழிவுக்காரர்களில் பலருக்கு, ராத்திரி எதுவும் சாப்பிடாமலே, விடியற்காலையில் சுகர் ஏறி நிற்பதற்கு இது ஒரு காரணம். டைப் 1 நீரிழிவு (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ள பிள்ளைகள் வயசுக்கு வரும் பருவத்தில், போட வேண்டிய இன்சுலின் அளவு கூடுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. “ராத்திரி ஒளிச்சு என்னடி தின்னே?” என்று காலை ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு என் கவுன்டர் முன்னாலேயே மகளைக் கேட்கிற அம்மாக்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

ஜிம் பையன்கள் போட்டுக்கொள்கிற ஜிஎச் ஊசி விவகாரமும் இதில் சேர்த்திதான். வெளியே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், எங்களிடம் “சும்மா செக்கப்” என்று சுகர் பார்க்க வருகிறார்கள். கூடியிருந்தால் நான் கேட்பது ஒரே கேள்வி. பதில் வராது.

லேத்காரருக்கு மூக்கு வழியாக ஆபரேஷன் நடந்தது. சுகர் சீக்கிரமே இறங்கியது; மூன்று மாத்திரை ஒன்றானது. விரல் தடிப்பும் கொஞ்சம் வற்றியது. எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான், செருப்பு பத்தாம் நம்பரிலேயே நிற்கிறது. கட்டியில் மிச்சம் இருந்தால் ஊசி போடுவார்கள். அந்த ஊசிகளிலும் ஒரு சிக்கல்: ஆக்ட்ரியோடைடு வகை மருந்துகள் ஜிஎச்சோடு இன்சுலினையும் சேர்த்து அடக்கும். அதில் பாசிரியோடைடு சுகரை நன்றாகவே ஏற்றிவிடும். பெக்விசோமன்ட் என்கிற மருந்து, ஹார்மோன் போய் ஒட்டுகிற இடத்தை அடைத்துவிடுவதால், சுகருக்கும் நல்லது; விலைதான் கேட்க முடியாது.

இந்தக் குளுக்கோஸ் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் சாப்பிடாமல் காலையில் வாருங்கள். லிஃப்ட் வரவில்லை என்று மாடிப்படியில் ஓடி ஏறாதீர்கள். ஓட்டமும் பதற்றமுமே ஜிஎச்சை ஏற்றிவிடும். அதனால்தான் கையில் கேனுலா போட்டதும் கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொல்கிறோம், வேலை மறந்து அல்ல. இரண்டு மணி நேரம் ஆகும். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் வெளியே வந்துவிட்டால் டெஸ்டை இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டும்.