பல் காய்வதற்கு முன் ஒரு படம்

கும்பகோணத்தில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். முன்பல்லுக்குக் கேப் (செதுக்கிய பல்லின் மேல் மாட்டும் உறை) என்றால், அதைச் செய்யும் லேபுக்குச் சீட்டில் 'ஏ2' என்று ஷேடு, அதாவது பல்லின் நிறக் குறியீடு, எழுதி அனுப்புவதோடு சரி. ஒரு டீச்சருக்கு வந்த கேப் பக்கத்துப் பல்லைவிட வெளுப்பாக, தனியாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு உதட்டை மூடிக்கொண்டார். "அவசரமில்லை டாக்டர், ஆனா சரியா செஞ்சு குடுங்க" என்றார். தற்காலிகக் கேப்போடு அனுப்பிவைத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

சீட்டோடு பல்லின் படமும் லேபுக்கு அனுப்பலாம் என்று தோன்றியது. செல்போனை அருகில் கொண்டுபோய் எடுத்தால் முன்பற்கள் புடைத்துத் தெரிந்தன, கடைவாய் இருட்டு. பழைய டிஎஸ்எல்ஆர், 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃபிளாஷ் வாங்கினேன். ஆட்டோவில் விட்டபோது முன்பல் தெளிவு, பின்னால் எல்லாம் மங்கல். லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்/22, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 200 என்று வைத்த பிறகுதான் வாய் முழுக்க ஃபோகஸில் நின்றது. அவ்வளவு சிறிய துவாரத்துக்கு ஃபிளாஷ் இல்லாமல் வெளிச்சம் போதாது.

மேல்வரிசையை எடுக்க வாய்க்குள் கண்ணாடி வைக்க வேண்டும். மூச்சு பட்டதும் ஆவி படிந்துவிடும். வெந்நீரில் முக்கித் துடைத்து வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். உதவியாளர் சிரிஞ்சால் மெல்லக் காற்று ஊதிக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வாரம் எங்கள் பற்களையே மாறி மாறி எடுத்துப் பழகினோம்.

அப்படி எடுத்த படங்களில்தான் என் தவறு பிடிபட்டது. வாயைத் திறந்து வைத்திருக்கும்போது பல் ஈரம் இழந்து வெளுத்துவிடுகிறது. டீச்சருக்கு நான் ஷேடு பார்த்தது பல்லைச் செதுக்கி முடித்த பிறகு. காய்ந்து வெளுத்திருந்த பக்கத்துப் பல்லுக்குத்தான் பொருத்தம் பார்த்திருக்கிறேன்!

இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும், ஊசிக்கும் முன்பே, ஷேடு பார்த்துப் படம் எடுப்பதுதான் முதல் வேலை. நாற்காலி விளக்கை அணைத்துவிட்டு, ஷேடு கைடின் (பல் நிற மாதிரிகளின் தொகுப்பு) ஒரு துண்டைப் பல் நுனிக்கு நேராக, பல் இருக்கும் அதே தளத்தில் பிடிக்கிறோம். துண்டில் உள்ள எழுத்தும் படத்தில் விழ வேண்டும். கொஞ்சம் மாறுபட்ட இன்னொரு துண்டோடும் ஒரு படம் எடுத்துவிட்டால் லேபில் ஒப்பிட வசதி. படத்தில் முகம் தெரியாவிட்டாலும் நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்கிறேன். அவர் வாய், அவர் உரிமை.

டீச்சரை மறுபடி வரச்சொல்லி, உட்கார்ந்த உடனே எடுத்த படங்களை அனுப்பினேன். லேபில் கேப் செய்யும் தம்பி போன் செய்தார்: "டாக்டர், பக்கத்துப் பல் நுனியில நீலமா மெல்லிசா ஒரு கோடு ஓடுதே, அதையும் கொண்டுவந்துடவா?"