சேதாரம்

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்கிற நாற்பது நாள் தபசுகாலத்தின் தொடக்கம். ஆராதனை இன்றும் வேப்பமரத்தடியில்தான். ஐப்பசி மழையில் கோயில் ஓடு சரிந்து நாலு மாதத்துக்கு மேலாகிவிட்டது. உத்திரத்தைக் கறையான் தின்றிருந்தது அதுவரை யாருக்கும் தெரியவில்லை. ஓடு மாற்ற வந்தவர் அறுபதாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு போன் எடுப்பதே இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தது சபைச் செயலரான நான். அதனால் யாரும் கேட்காவிட்டாலும் கேட்பதுபோலவே இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் ஐயர், அதாவது எங்கள் சபைக் குருவானவர், என்னைத் தனியே அழைத்தார். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் உபவாசக் கூட்டத்தில் நான் பேசவேண்டுமாம். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'சோதனையில் புடமிடப்படும் சபை'. "நீங்க வாத்தியாரா இருந்தவரு, நாலு சரித்திரம் சொல்லுங்க சார்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மரத்தடிக்கு வந்த பிறகு கூட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது. உள்ளே பெஞ்சு இருந்த காலத்தில் இன்னார் இடம் இன்ன இடம் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. இப்போது வெயில்தான் இடம் பிரிக்கிறது. நிழல் நகர நகரப் பாய்களும் நகர்கின்றன. பிரசங்கம் நீண்டால் முன்வரிசை பின்வரிசையாகிவிடும். காணிக்கைத் தட்டில் நோட்டுகளுக்கு நடுவே வேப்பம்பூ. எண்ணும்போது ஊதி ஊதி எடுக்கவேண்டியிருக்கிறது.

மைக் செட் பக்கத்து முனியாண்டி கோயில் பையன்கள் கொடுத்தது. வாடகை கேட்கவில்லை.

இதையெல்லாம் பார்த்தால் தலைப்பு தன்னாலேயே நிரூபணம் ஆகிறது என்று தோன்றும். எனக்கும் மதியம் வரை அப்படித்தான் தோன்றியது. அப்புறம் சபைப் பதிவேட்டை எடுத்தேன். 2019இல் 51 குடும்பம். இப்போது 43.

மார்ச் 14, வெள்ளி

செக்கானூரணியில் பஸ் ஏறி, மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தெற்காவணி மூல வீதிக்கு நடந்தேன். என்னிடம் படித்த ஒருவர் அங்கே நகைப்பட்டறை வைத்திருக்கிறார். புடம் போடுவதை வேதத்தில் வாசித்திருக்கிறேனே தவிர கண்ணால் பார்த்ததில்லை. பேசப்போகிறவன் பார்த்துவிட்டுப் பேசலாம் இல்லையா?

மாடியில் ஒரு சின்ன அறை. காற்றில் பறந்துவிடும் என்று ஃபேன் போடுவதில்லை. குகை என்கிற, உருக்குவதற்கான சின்ன மண்கிண்ணத்துக்குள் அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு, நசுங்கிய மோதிரம். மேலே கொஞ்சம் வெண்காரம் தூவி, கேஸ் நெருப்பை நேராகக் காட்டினார். முதலில் சங்கிலி தன் உருவத்தை விட்டது, அப்புறம் தோடு. ஓரத்தில் ஒரு கறுப்பு ஏடு படிந்து ஒதுங்க, நடுவில் ஒரு சொட்டு உருண்டு நடுங்கியது.

வேதத்தில் வரும் மல்கியாவின் வசனத்தைச் சொன்னேன்: 'அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டு'. தட்டான் தன் முகம் அதில் தெரியும்வரை காத்திருப்பான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையையும் சொல்லி, உண்மையா என்று கேட்டேன்.

"அவ்ளோ கிட்டக்க முகத்தைக் கொண்டுபோனா புருவம் போயிரும் சார்."

பிறகு நெருப்பை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். தீ அழுக்கை எடுக்காது, இளக்கத்தான் செய்யும். அழுக்கை இழுப்பது வெண்காரம். தங்கத்திலிருந்து வெள்ளியையும் செம்பையும் பிரிக்கவேண்டுமென்றால் திராவகம் வேண்டும். வெறும் தீயை மட்டும் காட்டினால் செம்பும் தங்கத்தோடு சேர்ந்துதான் உருகும்.

"சரி, அப்படிப் பிரிச்சு எடுத்த சுத்தத் தங்கம்?"

"மெத்துனு இருக்கும். அதுல கொடி செஞ்சு போட்டா நெளிஞ்சிரும். உறுதி வேணும்னா மறுபடி செம்பு சேர்க்கணும். 916ங்கிறது என்ன? ஆயிரத்துல 916 பங்கு தங்கம், மிச்சம் கலப்பு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பது வருஷமாகப் பிரசங்கங்களில் 'சுத்தமும் பலமும்' என்று ஒரே மூச்சில் கேட்டு வந்திருக்கிறேன். இந்த மனுஷன் கணக்கில் சுத்தம் வேறு, பலம் வேறு. ஒன்று கூடினால் மற்றது குறையும்.

கிளம்பும்போது, இந்த உருக்கலில் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். "எப்படிப் பண்ணினாலும் கொஞ்சம் போகும் சார். அதுக்குத்தானே சேதாரம்னு ஒண்ணு வச்சிருக்கு?" என்றார்.

மார்ச் 22, சனி

சரித்திரம் தேடுகிறேன். நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை. ஆனால் மதுரையில் கிறிஸ்தவக் கதையை 1834இல் அமெரிக்க மிஷன் வந்ததிலிருந்து தொடங்கினால் பாதி போய்விடும். 1606இலேயே தத்துவ போதகர் என்கிற கத்தோலிக்கப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த பாதிரியார் அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) ஓரியூரில் வெட்டுண்டது 1693 பிப்ரவரி 4. பணியில் இருந்தபோது பிள்ளைகளை ஓரியூருக்குக் கூட்டிப்போனேன். அந்தச் சிவந்த மணலை ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். மதம் பார்த்துக் கட்டவில்லை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது வாளால் வந்த கஷ்டத்தைவிட, ஆளில்லாமல் வந்த கஷ்டம். 1773இல் போப்பாண்டவர் 14ஆம் கிளமெந்து, அவர்கள் இருவரும் சேர்ந்திருந்த இயேசு சபை என்கிற துறவியர் சபையையே கலைத்துவிட்டார். அடித்தது எதிரி அல்ல, சொந்த வீடு. 1814இல் சபை மறுபடி நிறுவப்பட்டது. இயேசு சபையார் மதுரைப் பக்கம் திரும்பி வந்தது 1830களின் கடைசியில். இடையில் அறுபது வருஷத்துக்கு மேல். கோவாவிலிருந்து எப்போதாவது ஒரு சாமியார் வருவார். மற்றபடி எல்லாம் உபதேசியார்கள் கையில்: ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவனுக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது, திருநாளை மறக்காமல் வைத்திருப்பது. தலைமுறை இரண்டு மாறியும் திரும்பி வந்தவர்களுக்குக் கிறிஸ்தவ ஊர்கள் இருந்தன.

சரி, அந்த அறுபது வருஷத் தீயில் சாதி எரிந்ததா? இல்லை. அது பத்திரமாகக் கூடவே வந்தது. ஆசாரி சொன்ன செம்பு. எங்கள் ஓட்டுக் கோயிலிலும் அந்த எழுதாத பெஞ்சுச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 30, ஞாயிறு

'இரத்தசாட்சிகளின் இரத்தம் சபையின் வித்து' என்று இன்று மேடையில் ஒரு தம்பி உருக்கமாகச் சொன்னார். மூலத்தில் அது ஏறக்குறைய அப்படி எழுதியவர் தெர்த்துல்லியன், வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ்காரர். அந்த வட ஆப்பிரிக்கச் சபை பின்னால் சில நூற்றாண்டுகளில் தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போனதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. வித்து விழுந்தால் போதாது போலிருக்கிறது. எங்கள் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆடியில் விதைத்து ஐப்பசி வரை வானத்தைப் பார்த்தவன்.

ஜப்பான் கதையையும் குறித்துவைத்தேன். 1614இல் அங்கே கிறிஸ்தவத்துக்குத் தடை. 1865இல் நாகசாகியில் கட்டிய புதுக் கோயிலுக்கு விவசாயிகள் சிலர் வந்து, நாங்களும் இதே விசுவாசம்தான் என்று பாதிரியார் காதில் மெல்லச் சொன்னார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் குருவானவர் இல்லாமல் இருந்தவர்கள். கதை வழக்கமாக இங்கே முடிந்துவிடும். ஆனால் திரும்ப வந்து சேராமல், முன்னோர் காத்துவந்த முறையே போதும் என்று தனியே இருந்துவிட்டவர்களும் உண்டு. அவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

ஏப்ரல் 3, வியாழன்

பதிவேட்டில் குறைந்த எட்டுக் குடும்பங்களில் நாலு பிழைப்புக்காகத் திருப்பூர் போனவை. இரண்டு மதுரையில் பெரிய சபைக்கு மாறியவை. ஒன்றில் ஆளே இல்லை, பெரியவர் காலமாகிவிட்டார். மீதி ஒன்று எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே இருக்கிறது.

இன்று சாயங்காலம் அங்கே போனேன்.

2021 மே மாதம் அந்த வீட்டுக்காரர் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். லோடு வண்டி ஓட்டியவர். அந்த வாரம்தான் நாங்கள் நாற்பது வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தோம். சபை சரித்திரத்தில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறோம், எழுதியவன் நானே. அந்த வீட்டு வாசலில் கம்பு கட்டி மறித்திருந்தார்கள். அதனால் தாண்டிப் போனோம். அப்புறம் கம்பை எடுத்தார்கள். அப்போதும் நாங்கள் போகவில்லை.

அவர் மனைவி, அந்தத் தங்கச்சி, டீ போட்டுக் கொடுத்தது. கொஞ்ச நேரம் மகன் படிப்பு, நூறு நாள் வேலைக் கூலி பாக்கி என்று பேசினோம். நான் பேசப்போகும் கூட்டத்தைப் பற்றி எப்படியோ சொல்லிவிட்டேன். தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னது:

"கஷ்டம் உங்களைப் பலப்படுத்துச்சுன்னு பேசுங்க சார், தப்பில்ல. அதுல என்னையச் சேத்துராதீங்க."

வீட்டுக்கு வந்து, அதுவரை எழுதிய எட்டுப் பக்கத்தையும் மடித்துவைத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பேசிவிட்டேன். இருபது நிமிஷம். ஓரியூர், 1773, 1876–78இன் தாது வருஷப் பஞ்சம் எல்லாம் வந்தன. பஞ்சத்தில் சேர்ந்தவர்களைச் சோற்றுக் கிறிஸ்தவர்கள் என்று ஊரார் கேலி செய்ததைச் சொல்லி, என் பாட்டியின் தாத்தாவும் அந்தக் கஞ்சிக்கு வந்தவர்தான் என்றேன். கூட்டத்தில் சிலர் தலைகுனிந்து சிரித்தார்கள். அவர்கள் வீட்டுக் கதையும் அதுதான்.

அப்புறம் ஆசாரி சொன்னதைச் சொன்னேன். யோபு, 'அவர் என்னைச் சோதித்தபின் நான் பொன்னாக விளங்குவேன்' என்று தன்னைப் பற்றித்தான் சொன்னான், பக்கத்து வீட்டுக்காரனின் துன்பத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். 51, 43 என்ற இரண்டு எண்ணையும் வாசித்தேன். கம்பு கட்டிய வாசலைப் பற்றிப் பெயர் சொல்லாமல் சொன்னேன். ஊருக்குள் பெயர் எதற்கு?

ஐயர் ஆசீர்வாதம் கூறும்போது வழக்கத்தைவிட மெல்லக் கூறினார். கோபமா என்று தெரியவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்து மதினி ஒருவர் மட்டும் கிட்ட வந்து, "நாங்களாச்சும் போயிருக்கணும் அண்ணே" என்றார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை நாலரைக்கு ஆராதனை. மரத்தடி நிறைந்து தெருவில் நின்றார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

லெந்து முழுக்கச் சேர்ந்த பிடியரிசியை நேற்று அளந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைப்பது. வழக்கமாக ஏலம் விட்டுக் கட்டட நிதியில் சேர்ப்போம். ஓடு இல்லாத வருஷத்தில் ஏலம் வேண்டாம் என்று மதினிமார் சொன்னது ஐயருக்கே ஆச்சரியம். சாக்கைக் கட்டி, ஐந்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க முடிவானது.

இன்று காலை ஒரு பையை எடுத்துக்கொண்டு நானும் மதினியும் அடுத்த தெருவுக்குப் போனோம். அந்தத் தங்கச்சி வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்று எனக்குப் பயம். வாங்கி, திண்ணையில் முறத்தை வைத்துக் கொஞ்சம் கொட்டிப் பார்த்தது. பொன்னி, ரேஷன் புழுங்கல், இட்லி அரிசி, நடுநடுவே பச்சரிசி.

"இது கலப்பரிசி. சோறாக்குனா ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது" என்றது.

மதினி முகம் சின்னதாகிவிட்டது.

"மாவுக்குத்தான் ஆகும். ஊறப்போடுறேன்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தது. மதினி செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினார். எனக்கு அங்கே வேலை இல்லை. ஓடு மாற்றுகிறவருக்கு மறுபடி ஒரு போன் போட்டுப் பார்த்தேன்.