மச்சில் கிடந்த ஃபோம் விமானம்: சீரமைப்பும் சில மேம்பாடுகளும்

சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா வாங்கிவந்த, மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் ஈஸிஸ்டார் என்ற ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்று, காரைக்குடியில் எங்கள் வீட்டு மச்சில் பல ஆண்டுகளாகக் கிடந்தது. இறக்கை நுனிக்கு நுனி 1.37 மீட்டர். மோட்டாரும் விசிறியும் மூக்கில் இல்லாமல், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் முதுகின்மேல் அமைந்த வகை. மூக்கு தரையில் குத்தினாலும் விசிறி தப்பித்துவிடும் என்பதால், பறக்கவிடப் பழகுவோருக்கு இது நெடுங்காலம் பிடித்தமான விமானமாக இருந்தது.

இறக்கிப் பார்த்தபோது வெண்ணிற ஃபோம் மஞ்சள் பூத்திருந்தது. இடது இறக்கையின் முன்விளிம்பை எலி கடித்திருந்தது. வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் மடங்கும் கோட்டில் ஃபோம் வெடித்திருந்தது. நிக்கல் பேட்டரி முற்றிலும் செத்துப்போயிருந்தது. ஆனால் உடலோ இறக்கையோ முறுக்கிக்கொள்ளவில்லை. முறுக்கிய இறக்கையை நேராக்குவதுதான் பெரும்பாடு. மற்ற பழுதுகளெல்லாம் பொறுமையின் கணக்கில் அடங்குபவை. எனவே புதிதாக ஒன்று வாங்குவதைவிட இதையே எடுத்துக் கட்டுவது என்று முடிவு செய்தேன். கூடவே ஒரு வரம்பும் வகுத்துக்கொண்டேன்: ஆலையிலிருந்து வந்தபோது இதன் எடை ஏறத்தாழ 680 கிராம், என்ன சேர்த்தாலும் 750 கிராமைத் தாண்டக்கூடாது. மெதுவாக மிதப்பதுதான் இந்த விமானத்தின் குணம், எடை கூடினால் அந்தக் குணம் போய்விடும்.

இந்த ஃபோம் தெர்மாகோல் அன்று, இ.பி.ஓ. எனப்படும், வளைந்து கொடுக்கும் வகை. நசுங்கிய இடத்தில் கொதிநீரை ஊற்றினால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, அமுங்கிய மணிகள் மெல்ல மேலெழும். மூக்கின் அடிப்பகுதியில் கட்டைவிரல் அளவுக்கு இருந்த பள்ளம், கெட்டிலிலிருந்து வெந்நீரை மெல்லிய தாரையாக விட்டதும் கண்முன்னே நிரம்பியது. அதிக நேரம் காட்டினால் மேற்பரப்பு வேர்க்குருபோல் தடித்துவிடும் என்பதால், பள்ளம் மட்டத்துக்கு வந்தவுடன் ஈரத்துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஆறவிட வேண்டும். எலி கடித்த இடத்தில் வெந்நீருக்கு வேலையில்லை. அதைச் சதுரமாக வெட்டியெடுத்து, உடைந்த வேறொரு விமானத்தின் அதே வகை ஃபோமிலிருந்து துண்டு அறுத்துப் பதித்தேன். உப்புத்தாளால் தேய்த்தால் இ.பி.ஓ. பிசிறு பிசிறாக எழும்புமே தவிர வழவழப்பாகாது. எனவே துண்டைத் தொடக்கத்திலேயே புது பிளேடால் சரியான வளைவில் சீவிக்கொள்வது நல்லது.

பசை விஷயத்தில் நம் ஊர் வெயிலைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் ஹாட் குளூ கொண்டு எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் கதவடைத்த காருக்குள் விமானத்தை வைத்துவிட்டு வந்தால் அந்தப் பசை இளகி, ஒட்டிய சர்வோ (அசையும் பாகங்களைத் திருப்பும் குட்டி மோட்டார்) தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். ஆகவே சுமை தாங்கும் இணைப்புகள் அனைத்துக்கும் ஐந்து நிமிட எப்பாக்ஸி. எலிவேட்டர் மடிப்புக்கு மட்டும் எந்தக் கெட்டிப் பசையும் தொடாமல், நாரிழை ஓடிய டேப்பை இருபுறமும் ஒட்டினேன்.

இறக்கையின் மேற்புறத்துக்கு, சான்றிதழ்களுக்குப் போடும் லேமினேஷன் படலத்தைக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறேன். எடை சொற்பமே கூடுகிறது, இறக்கையின் விறைப்போ கைக்குத் தெரியும் அளவுக்கு ஏறுகிறது. சூடு எவ்வளவு என்பதை உதிரி ஃபோமில் சோதித்த பிறகே இறக்கையைத் தொட வேண்டும். மஞ்சள் பூத்ததை மறைக்க வண்ணம் அடிக்கவில்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பழுப்பு ஒரு குறையாகத் தோன்றுவதில்லை.

பழைய கார்பன் பிரஷ் மோட்டாருக்குப் பதில் 2212 அளவு பிரஷ்லெஸ் மோட்டாரை, 2200 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2200 சுற்று) வகையில் தேர்ந்தேன். விசிறிக்கும் உடலுக்கும் இடையே இடம் குறைவு என்பதால் ஆறு அங்குலத்துக்குமேல் விசிறி பொருத்த முடியாது. சிறிய விசிறி வேகமாகச் சுழன்றால்தான் இழுவை கிடைக்கும். பழைய மோட்டார் குழிக்குள் படுத்திருந்தது. புதியதன் வெளிக்கூடே சுற்றுவதால் அதை ஒரு தட்டில்தான் திருகிப் பிடிக்க வேண்டும். பழங்கதவுகளுக்குப் பழுது பார்க்கும் ஆசாரி ஒருவரிடம் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அந்தத் தட்டை அறுத்து வாங்கினேன். “ஓரத்த ஒட்டித் தொளை போட்டா பிளந்துக்கும் தம்பி, ஒரு நூல் உள்ள தள்ளிப் போடுவோம்” என்று அவர் தள்ளிப்போட்ட துளைகள் இன்றுவரை பிளக்கவில்லை.

மோட்டார் உயரத்தில் இருப்பதால் வேகம் கூட்டும்போதெல்லாம் மூக்கு கீழே அமுங்கும். தட்டின் கீழிரு திருகுகளுக்கு அடியில் வாஷர் வைத்து, விசிறிப் பக்கம் சற்றே மேல்நோக்கும்படி சாய்த்தால் அது பெருமளவு குறையும். விசிறியில் எழுத்துப் பொறித்த முகம் விமானம் செல்லும் திசையைப் பார்க்க வேண்டும். மோட்டார் எதிர்ப்புறம் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும்.

ஈஸிஸ்டாருக்கு ஏலரான், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பட்டை, கிடையாது. வாலில் செங்குத்தாக நிற்கும் ரட்டர் மூக்கைத் திருப்ப, மேல்நோக்கி வளைந்த இறக்கைகளில் வெளிப்பக்கத்தது கூடுதல் காற்றைத் தாங்கி உயர, அப்படித்தான் விமானம் சாய்ந்து திரும்பும். அமைதியான காலையில் இதைவிட அழகான திருப்பம் வேறில்லை. ஆனால் அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்றில், சாய்ந்த இறக்கையை உடனே நிமிர்த்த ரட்டர் மட்டும் போதாது. எனவே இறக்கையின் பின்விளிம்பில் ஏலரான் அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாக 9 கிராம் சர்வோ பதித்தேன். மேலே 10 மில்லிமீட்டர், கீழே 5 மில்லிமீட்டர் என அசைவைச் சமமின்றி வைத்தது, திரும்பும்போது மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடாமல் இருப்பதற்காக. இறக்கையின் வளைவைக் குறைக்கச் சொல்வோர் உண்டு. நான் குறைக்கவில்லை, ஏனெனில் கையை எடுத்தால் தானே நிமிரும் இயல்பை இழக்க மனமில்லை.

அலைவரிசைக்காகப் படிகம் மாற்றும் பழைய ரிமோட்டுக்குப் பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட் வந்தது. தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைப்பதும், ரிசீவரின் இரு ஆன்டெனாக்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பதிப்பதும் தவறவிடக் கூடாதவை. பேட்டரியாக 3 செல், 2200 எம்.ஏ.எச். லைப்போ (லித்தியம் பாலிமர்). பழைய ஏழு செல் கட்டும் இதுவும் ஏறக்குறைய ஒரே எடை என்பதால் மூக்கில் ஈயம் வைக்காமலே, முன்விளிம்பிலிருந்து 78 மில்லிமீட்டரில் விமானம் சமநிலைக்கு வந்தது. மோட்டாரில் மிச்சமான எடையை ஏலரான் சர்வோக்கள் எடுத்துக்கொண்டன. மொத்தம் 718 கிராம். முழு வேகத்தில் வாட்மீட்டர் 19 ஆம்பியர் காட்டியது. ஏறத்தாழ 200 வாட். இந்த எடைக்கு அது தாராளம், பாதி வேகமே போதும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டில் இருந்தாலும், நினைத்தபோது நுழைந்து பறக்கவிடும் இடமன்று அது. நான் போவது வற்றிய கண்மாய்க்கு. 2021 ட்ரோன் விதிகள் 25 கிலோவுக்கு உட்பட்ட, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கும் விமானத்தை மாதிரி விமானமாக வகைப்படுத்துகின்றன. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை உயரலாம். உங்கள் இடம் எந்த மண்டலம் என்பதை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையிலிருந்து தள்ளியதும் மூக்கு அமுங்காமல், வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தபடி ஏறியது. ரிமோட்டில் நடுநிலையைத் திருத்தும் ட்ரிம் பொத்தானை இரண்டு சொடுக்கு நகர்த்தியதும் நேரானது. செம்மண் சூடேறும் ஒன்பது மணிக்குமேல் மோட்டாரை நிறுத்திவிட்டு, பருந்து வட்டமிடும் இடத்துக்குக் கொண்டுபோனால், இறங்க வேண்டிய விமானம் ஏறுகிறது. சரளைக்கல்லில் வயிறு உரசி இறங்குவதால் அடிப்பகுதியில் நாரிழை டேப்பை இரட்டிப்பாக ஒட்டியிருக்கிறேன். அதைவிடக் கரைநெடுகிலும் நிற்கும் சீமைக்கருவேல முள்தான் ஃபோமுக்குப் பகை.

வீடு திரும்பியதும் லைப்போவைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, வெயில் படாத வளவுத் தாழ்வாரத்தில் மண்சட்டிக்குள் வைக்கிறேன். முழு வேகத்தில் மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, விசிறியை 5.5 அங்குலத்துக்குக் குறைத்து ஆம்பியரை மீண்டும் அளப்பது அடுத்த வேலை.