எம்.ஜி.யு.எஸ்.: ஒரு ரிப்போர்ட்டை அல்ல, வரிசையைப் படியுங்கள்

வேறு எதற்காகவோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எம்.ஜி.யு.எஸ். (ரத்தத்தில் ஒரே வகைப் புரதம் கூடுதலாக இருக்கும் நிலை) பெரும்பாலும் தெரியவரும். எலும்பு மஜ்ஜையில் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் ஒரு கூட்டம் ஒரே வகைப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த எம் புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல் 10 சதவீதத்துக்குக் கீழே, உறுப்புப் பாதிப்பும் இல்லை என்றால் அது புற்றுநோய் அல்ல. ஆண்டுக்குச் சுமார் நூற்றில் ஒருவருக்கு மைலோமாவாகவோ (பிளாஸ்மா செல் புற்றுநோய்) அதைச் சார்ந்த நோயாகவோ மாறுகிறது. சிகிச்சை இல்லை, கண்காணிப்புதான்.

முதல் ரிப்போர்ட்டில் மூன்றைப் பாருங்கள்: எம் புரதம் 1.5 கிராமோ அதற்கு மேலோ, ஐ.ஜி.ஜி. (எதிர்ப்புப் புரதத்தில் ஒரு வகை) அல்லாத வகை, காப்பா–லாம்டா விகிதம் (ரத்தத்தில் தனியாகத் திரியும் இரண்டு புரதத் துண்டுகளில் காப்பாவை லாம்டாவால் வகுத்தது) 0.26–1.65 எல்லைக்கு வெளியே. மூன்றும் இல்லாதவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆறாம் மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாம் நிலையாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். மற்றவர்களுக்கு ஆண்டுதோறும். இடைவெளியை முடிவு செய்வது உங்கள் ஹீமடாலஜிஸ்ட் (ரத்த நோய் நிபுணர்).

ஒரு நோட்டில் தேதி, லேப், எம் ஸ்பைக் (எம் புரதத்தின் அளவு), காப்பா, லாம்டா, விகிதம், ஹீமோகுளோபின், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கால்சியம், ஆல்புமின் என்று கட்டம் போட்டு வையுங்கள். ஆல்புமின் ஏன்? அது குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைவாகக் காட்டும்; உண்மையான உயர்வு மறைந்துபோகும்.

பெரும்பாலான பயம் லேபை மாற்றுவதால் வருகிறது. ஃப்ரீ லைட் செயினை, அதாவது காப்பா, லாம்டாவை, அளக்கும் கிட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அதே ரத்தத்துக்கு வேறு எண் வரும். அலகையும் பாருங்கள்: லிட்டருக்கு 45 மில்லிகிராமும் டெசிலிட்டருக்கு 4.5 மில்லிகிராமும் ஒன்றுதான். சளி, காய்ச்சல், தொற்று இருக்கும்போது காப்பா, லாம்டா இரண்டுமே ஏறலாம்; உடம்பு தேறிய பிறகு எடுப்பது நல்லது. சிறுநீரகம் மந்தமானாலும் இரண்டும் தேங்கும். அப்போது விகிதம் 3.1 வரை போவதைக்கூட இயல்பாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. லாம்டா வகைக்காரர்களுக்கு விகிதம் குறைவதுதான் கவலை, கூடுவது அல்ல. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஐ.ஜி.ஏ. (இன்னொரு எதிர்ப்புப் புரத வகை) வகையில் எம் ஸ்பைக், பரிசோதனை வரைபடத்தின் பீட்டா பகுதியில் மற்றப் புரதங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எம் ஸ்பைக் அளவிட முடியவில்லை என்று வந்தால் மறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இம்யூனோஃபிக்சேஷன் என்ற நுட்பமான பரிசோதனையில் இன்னும் தெரியலாம்.

எம் புரதத்தில் 0.1, 0.2 கிராம் ஏற்ற இறக்கம் அளவீட்டில் இயல்பாக வரும் வேறுபாடுதான். 25 சதவீதமும், அதோடு குறைந்தது 0.5 கிராமும் கூடினால் பேச வேண்டிய விஷயம். ஹீமோகுளோபின் படிப்படியாக இறங்குவதும் கிரியேட்டினின் ஏறுவதும் அதைவிட முக்கியம்.

விடாத முதுகு வலி அல்லது எலும்பு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, நுரைத்த சிறுநீர், பாதத்தில் மரமரப்பு, நாக்கு தடிப்பது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடுவதற்கு முன் கிரியேட்டினினைப் பார்த்துவிடுங்கள்; அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.