உண்டியலில் பாதி இப்போது, பாதி பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய துணி மூட்டையோடு கடைக்கு வராதீர்கள். இலங்கையைத் தாக்கிய டித்வா புயல் நிதிக்காகக் கல்லாப் பக்கத்தில் உண்டியல் வைத்த நாளிலிருந்து மூட்டைகள் வந்தபடி இருக்கின்றன. மலேசியாவில் நம் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து இலங்கைக்கு அனுப்பும் செலவையும், அங்கே இறக்கிப் பிரிக்கிற கூலியையும் கூட்டிப் பார்த்தால், அந்தக் காசுக்கு அங்கேயே புதுப் புடவை வாங்கிக் கொடுத்துவிடலாம். மூட்டையைத் திருப்பிக் கொடுத்ததில் ஒரு அக்கா கோபித்துக்கொண்டு இப்போது எதிர்க்கடையில் சாமான் வாங்குகிறார். சரி, வாங்கட்டும்.

இன்னொன்று. சேரும் பணத்தில் பாதியை உடனே அனுப்பப் போவதில்லை. இதுதான் பலருக்குப் பிடிக்கவில்லை. "அங்க ஜனங்க தவிக்கிறாங்க, நீங்க பணத்தப் பூட்டி வைக்கிறீங்களாக்கா?" என்று நேற்று ரொட்டி வாங்க வந்த பையன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். கடையில் கூட்டம் இருந்ததால் சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2018-ல் கஜா புயல் அடித்தது நினைவிருக்கும். நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறி, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே புகுந்து போனது. என் தாத்தா பேராவூரணிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே இன்னும் எங்களுக்குச் சொந்தம் இருக்கிறது. அண்ணன் முறையாகும் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். தோப்பு முழுக்கத் தென்னை, எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தது.

அந்தப் படத்தை எங்களுக்குத் தேங்காய் போடும் பாக்சிக்கிடம் (மலாய்க்காரப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) காட்டினேன். பாகான் டத்தோவில் தலைமுறையாகத் தென்னை வைத்திருக்கும் மனிதர். கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். எங்கே, என்ன புயல் என்றெல்லாம் கேட்கவில்லை. மரத்துக்கு எத்தனை வயசு என்றுதான் கேட்டார். முப்பது இருக்கும் என்றேன். "காசியான்", பாவம், என்று சொல்லிவிட்டு லோரியிலிருந்த காய் அத்தனையையும் இறக்கச் சொன்னார். காசு வாங்கவில்லை. அதைப் பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், விற்றதுதான் எங்கள் கஜா வசூலின் முதல் பணம்.

நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், குட்டை ரகம் என்றாலும் மூன்று நான்கு வருஷம். அது பாக்சிக்குக்குத் தெரியும், பேராவூரணி அண்ணனுக்கும் தெரியும். நிவாரணம் கொடுப்பவர்களின் கணக்கில்தான் அது வருவதில்லை. இரண்டு வாரம் கழித்து அண்ணனைக் கூப்பிட்டபோது அவர் சொன்னது இதுதான்: "ஏம்மா தங்கச்சி, அரிசியும் போர்வையும் வேண்டிய அளவு வந்துருச்சு. விழுந்த மரத்த அறுத்து அப்புறப்படுத்தத்தான் ஆள் கிடைக்கல."

மரம் கிடந்தால் கிடக்கட்டுமே, கன்றை நட வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் செம்பனை (பாமாயில் மரம்) மறுநடவு வேலையில் இருந்தவர். அவர்தான் விளக்கினார். விழுந்த மரம் மக்க ஆரம்பித்தால் அதற்குள் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். புழு அங்கேயே தின்று கொழுத்து, வண்டாகி வெளியே வந்து, பக்கத்தில் நட்ட இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். இங்கே தோட்டங்களில் பழைய செம்பனையைச் சாய்த்தவுடன் சின்னச் சின்னத் துண்டாகச் சீவிப் பரப்பிவிடுவது அதற்காகத்தான். அங்கேயானால் ஏக்கருக்கு எழுபது மரம் கிடக்கிறது, ரம்பம் வைத்திருப்பவன் கேட்டதுதான் கூலி. தமிழக அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்ததே, அதில் 500 ரூபாய் வெட்டி அகற்றுவதற்கென்றே சேர்த்தது. அதைப் படித்தபோது, யாரோ விவசாயம் தெரிந்தவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆகவே நாங்கள் அவசரப்படவில்லை. பணத்தைப் பொங்கல் தாண்டும் வரை வைத்திருந்து, மரம் அறுக்கும் கூலிக்கும் கன்றுக்கும் அனுப்பினோம். அப்போது நம் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) பதினேழு இந்திய ரூபாய் சுமாராகக் கிடைத்தது. கன்று ஐம்பது ரூபாய் என்றார்கள். பத்து வெள்ளி போட்டால் மூன்று கன்று என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். அந்த அட்டைக்கு அப்புறம்தான் உண்டியல் நிறைய ஆரம்பித்தது. ஐந்நூறு வெள்ளி கொடுத்தவர் ஒன்றும் கேட்காமல் போனார். ஐந்து வெள்ளி கொடுத்த பாட்டிதான் என்ன ரகம், யார் தண்ணி ஊற்றுவார்கள் என்று தினமும் வந்து விசாரித்தார். எனக்கு அந்தப் பாட்டியைத்தான் அதிகம் பிடித்தது.

அனுப்புவது லேசான காரியம் இல்லை. இந்தியாவில் ஒரு சங்கம் வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டுமென்றால், 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தில் பதிந்திருக்க வேண்டும். 2020-ல் சட்டத்தை இன்னும் இறுக்கி, அந்தப் பணம் முதலில் புதுடில்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் கிளைக்குத்தான் வரவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். முகநூலில் கணக்கு எண்ணைப் போட்டு உருக்கமாக எழுதுபவர்களிடம் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். இங்கேயும் அப்படித்தான். தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், தம்பிகளே.

இப்போது டித்வாவுக்கு வருகிறேன். 2025 நவம்பர் கடைசியில் இலங்கையில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலைநாட்டில்தான் அடி பலம். மண்சரிவு. அங்கே தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருப்பவர்கள் யார்? நம் தாத்தா பினாங்குக் கப்பலில் ஏறியபோது, அந்தப் பக்கம் கொழும்புக்கு ஏறியவர்களின் பிள்ளைகள். லயம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

பேராவூரணியில் சிக்கல் தென்னைக்கு ஆகும் ஆறேழு வருஷம் என்றால், இலங்கை மலைநாட்டில் சிக்கல் நிலம். சரிந்த சரிவில் திரும்பக் கட்ட முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து மண்ணைப் பார்த்து, இருக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். கூடாது என்றால் வேறு எங்கே போவது? லயமும் தோட்டத்துடையது, நிலமும் பெரும்பாலானவர்கள் பேரில் இல்லை. தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸைப் பார்த்த குடும்பங்கள் நம் ஊரிலேயே எத்தனை இருக்கின்றன! நிலம் கைக்கு வந்து, பேருக்குப் பட்டா வந்து, அஸ்திவாரம் தோண்டும் நாளில் சிமெண்டுக்குக் காசு வேண்டும். அன்றைக்குச் செய்தியில் டித்வா இருக்காது. நம் கையும் தைப்பூசச் செலவு, பள்ளிச் செலவு என்று காலியாகத்தான் இருக்கும். பாதியை நிறுத்தி வைப்பது அந்த நாளுக்காக.

முதல் பாதி தைப்பூசத்துக்கு முன்னால் போய்விடும், பிள்ளைகளின் புத்தகம், சப்பாத்து, அடுப்புச் சாமான் வாங்க. வரவு செலவுத் தாளை வழக்கம்போல அரிசி மூட்டைக்கு மேல் சுவரில் ஒட்டுகிறேன். பெயர் போட வேண்டாம் என்பவர்கள் எந்தத் தோட்டம் என்றாவது எழுதுங்கள், கூட்டிப் பார்க்க வசதி. சனிக்கிழமை கடை அடைத்த பிறகு எண்ணுகிறோம், யாரும் வந்து பார்க்கலாம். பத்துக் காசு, இருபது காசெல்லாம் போடுகிறவர்கள் வீட்டிலேயே பிரித்துக் கட்டிக் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும். போன வாரம் எண்ணி முடிக்க ராத்திரி பதினொன்றாகிவிட்டது.