பேஸ் கிட்டாரை உறும வைக்க மூன்று பெடல்

எனக்கு வேண்டிய சத்தம் எது என்பதில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இல்லை. உறுமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது ஒரு முனகல் எழும் இல்லையா, அதுதான். தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிக்குப் பின்னால் நடக்கும்போது அடிவயிற்றில் வந்து இறங்குமே, அது.

கோலாலம்பூர் செந்தூலில் பயிற்சி செய்யும் எங்கள் இசைக்குழுவில் உறுமி, டிரம்ஸ், கிட்டார், அப்புறம் பேஸ் கிட்டாரோடு நான். உறுமிக்காரத் தம்பி கையை எடுக்கும் இடத்தில் பேஸ் அந்த முனகலை வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று ஆசை. அதற்கு ஃபஸ் பெடல் வேண்டும், அதாவது சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி. எந்த ஃபஸ் என்பதில் நாலு மாதம் ஓடிவிட்டது.

“ஃபஸ் கிட்டாருக்குத்தான், பேஸில் போட்டால் கொழகொழவென்று ஆகிவிடும்” என்று நண்பர்கள் தடுத்தார்கள். கதை அப்படி இல்லை. 1961-ல் வந்த அமெரிக்கப் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றில், கிட்டார் கலைஞர் கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ், ஸ்டூடியோவில் பழுதான ஒலிக்கலவை மிக்சர் வழியாகக் கரகரவென்று பதிவானது. அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கத்தான் 1962-ல் மேஸ்ட்ரோ எஃப்இஸட்-1 பெடல் வந்தது. ஆக, ஃபஸ்ஸுக்குத் தாய்வீடே பேஸ்தான்.

முதலில் வாங்கியது பிக் மஃப் என்ற பிரபலமான ஃபஸ் பெடலின் சர்க்யூட்டை நகலெடுத்த ஒரு பெடல். பழையது, 120 ரிங்கிட். இரவில் அறையைச் சாத்திக்கொண்டு ஹெட்ஃபோனில் வாசித்தேன். சுவரே அதிர்வது போல இருந்தது. சனிக்கிழமை ஸ்டூடியோவில் நாலு பேரும் சேர்ந்து எடுத்ததும் என் சத்தம் எங்கே போனது என்றே தெரியவில்லை. “அண்ணே, வாசிக்கிறீங்களா, சும்மா நிக்கிறீங்களா?” என்று கேட்டான் தம்பி. நான் வால்யூமைக் கூட்ட, கிட்டார்காரர் அவருடையதைக் கூட்ட, கடைசியில் ஸ்டூடியோக்காரர் கதவைத் தட்டினார்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. இந்த வகைச் சர்க்யூட்டின் டோன் பகுதி 1000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது நடு ஓசையில், ஒரு பள்ளம் வெட்டும். தனியாகக் கேட்டால் அதுதான் அழகு. ஆனால் பேஸின் கீழ் இ தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த இடத்தை டிரம்ஸும் உறுமியும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டன. மேலே சிம்பலும் கிட்டாரும். கூட்டத்தில் பேஸ் கேட்பதே நடு ஓசையால்தான், அதையல்லவா இது வெட்டி எறிகிறது! குளியலறையில் எல்லாரும் டி.எம்.எஸ்.தான். வீட்டில் தனியாகக் கேட்டு பெடல் வாங்குவதும் அப்படித்தான்.

அடுத்தது இரவல், இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள பெடல். நடு ஓசை நிறைய. ஆனால் என் புதிய பேஸில் சிக்னலை முன்கூட்டியே பெருக்கும், பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் உண்டு. அதைச் செருகினால் தகரத்தைக் கீறுவது போல ஒலித்தது. இந்த மாதிரி பெடலுக்கு தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து நேராக வரும் சிக்னல்தான் பிடிக்கும், நடுவில் சிக்னலைத் தாங்கி அனுப்பும் எந்த பஃபர் சர்க்யூட்டும் ஆகாது. பேட்டரி இல்லாத பழைய பாசிவ் பேஸை எடுத்தேன், பஃபர் உள்ள டியூனர் பெடலை ஃபஸ்ஸுக்குப் பின்னால் தள்ளினேன். சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து, ஒரு மதியம் குளிர்சாதனம் இல்லாத கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். வெளியே 33 டிகிரி, தகரக் கூரைக்குக் கீழே இன்னும் அதிகம். கால்மணி நேரத்தில் சத்தம் விக்கல் எடுக்க ஆரம்பித்தது. ஜெர்மேனியத்தில் கசியும் மின்னோட்டம் சுமார் 10 டிகிரி ஏறினால் இரட்டிப்பாகும். கோலாலம்பூரில் அதை வைத்துக் காலம் தள்ள முடியாது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவதை நானே பற்றவைத்தேன். புடு ஜாலான் பசாரில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கின்றன, அங்கே வாங்கிய சிலிக்கான் டிரான்சிஸ்டர் மூன்று. சர்க்யூட் கிட்டாருக்காக வரைந்தது. சிக்னல் நுழையும் கெபாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட். அடி ஓசை அங்கேயே நின்றுவிடும். 0.1 போட்டால் அடி ஓசையை வெட்டும் இடம் பத்தில் ஒரு பங்காக இறங்கும் என்று போட்டேன், வெறும் சேறு. 0.047-ல் நின்றேன்.

பிறகு பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டர் எந்த வோல்ட்டில் நிற்கவேண்டும் என்பது. அதை மாற்ற ஒரு சின்ன டிரிம்மர் திருகு, திருப்ப மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்யும் திருப்புளி. 9 வோல்ட்டில் பாதி, 4.5-ல் வைத்தால் அலையின் மேலும் கீழும் ஒரே மாதிரி வெட்டுப்படும், ஆர்கன் போல வழுவழுப்பு. உறுமி அப்படி இல்லையே. குச்சி தோலில் ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். வயலின் வில்லும் இதே வேலைதான் செய்கிறது. அலை ரம்பப் பல் மாதிரி சாய்ந்திருக்கும். அதனால் டிரிம்மரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 6 வோல்ட் தாண்டினேன். ஒரு பக்கம் மட்டும் அதிகம் வெட்டுப்பட்டது, சுரத்தின் வால் தொண்டையில் சிக்கியது போல முனகிற்று. சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்து, “ஃபேன் கெட்டுப்போச்சா?” என்றார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இன்னும் அடித்தளம் வேண்டும் என்று ஃபஸ் படாத சிக்னலையும் கூடக் கலந்தேன். அடி ஓசை கூடுவதற்குப் பதில் காணாமலே போனது! இரண்டு நாள் ஈயத்தை உருக்கி, கம்பிகளைச் சந்தேகப்பட்டு, கடைசியில் பிடிபட்டது: மூன்று டிரான்சிஸ்டரும் ஆளுக்கு ஒருமுறை அலையைத் தலைகீழாக்குகின்றன. ஒற்றைப்படை, ஆகவே வெளியே வருவதும் தலைகீழ். நேர் சிக்னலோடு சேர்ந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. டிஎல்072 என்ற பெருக்கிச் சிப் ஒன்றில் நேர் சிக்னலையும் கவிழ்த்துவிட்டதும் அடி ஓசை திரும்பியது.

போன சனிக்கிழமை வாசித்துப் பார்த்தோம். கலவை பாதிக்குப் பாதி, ஃபஸ் நாப் மூன்றில் இரண்டு பங்கு. கேட்கிறது. ஆனால் உறுமியில் சுருதி வழிந்து இறங்கும் அந்த வளைவு பெடலில் வராது, அது விரல் வேலை. ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து மூன்றுக்கு இழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். “கிட்ட வந்துட்டீங்கண்ணே, இன்னும் கொஞ்சம் மெதுவா இழுங்க” என்கிறான் தம்பி.

பெடலின் சர்க்யூட் பலகை இப்போதைக்கு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. தகரம் என்பதால் இரைச்சல் குறைவு, ஆனால் மூடியை மிதித்தால் அமுங்குகிறது. வார்ப்பு அலுமினியப் பெட்டி வாங்கியாயிற்று. ஓட்டை போட பக்கத்து வீட்டு அங்கிளிடம் டிரில் கேட்டிருக்கிறேன்.