இடது தோளில் பிரஸ் பட்டன்

திங்கட்கிழமை எனக்கு முதல் கீமோ. மருந்து ஏத்துறதுக்குன்னு உடம்புக்குள்ள வெக்கிற சின்னப் பெட்டிக்கு போர்ட்னு பேரு, அதைப் போன வாரமே வெச்சாச்சு. கட்டி வலது மார்புல இருக்கறதால போர்ட் இடது பக்கம், காறை எலும்புக்கு ரெண்டு விரல் கீழ, தோலுக்கு அடியில உட்கார்ந்திருக்கு. டேப் வெச்சு அளந்தேன், அகலம் ஒரு இஞ்ச்சுக்குக் கொஞ்சம் கூட. சேலத்துல குகைங்கற ஏரியாவுல, வீட்டு முன்னறையில பிளவுஸ் தைக்கிறவ நான். எதுவா இருந்தாலும் முதல்ல டேப்தான் கையில வரும்.

போர்ட் எதுக்குன்னு டாக்டரம்மா மறைக்காம சொல்லிட்டாங்க. எனக்கு முதல்ல ஏத்தப்போற மருந்துல ஒண்ணு டாக்ஸோரூபிசின், சிவப்பா இருக்கும். கை நரம்புல ஏத்தும்போது துளி வெளியே கசிஞ்சாலும் அந்த இடத்துச் சதை வெந்து புண்ணாகிடலாம். அதில்லாம 3 வாரத்துக்கு ஒருக்கா 4 தடவை, அப்புறம் வேற மருந்து வாராவாரம் 12 தடவை. அத்தனைக்கும் கையிலயே குத்தினா நரம்பு தாங்காது. போர்ட்ல இருந்து போற மெல்லிசான குழாய் கழுத்து நரம்பு வழியா இறங்கி இதயத்துக்குக் கொஞ்சம் மேல முடியுது. அங்க ரத்தம் வேகமா ஓடுறதால மருந்து விழுந்ததுமே கலந்து நீர்த்துடும். நல்லாத்தான் புரிஞ்சுது. ஆனா ராத்திரி படுத்ததும், ஊசி குத்துறதுக்குன்னே உடம்புக்குள்ள ஒரு பெட்டி இருக்குங்கற நினைப்பு வந்து நிக்கும். புரிஞ்சதெல்லாம் அப்போ எங்க போகுமோ தெரியல.

போர்ட் வெக்கறதுக்கு முன்னாடி ஒரு நர்ஸ், மாதிரிக்கு வெச்சிருந்ததை எங்க கையில கொடுத்தாங்க. என் வீட்டுக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிப்பட்டறை வேலை, கொலுசு செய்யிற கை. வாங்கினதும் நகத்தால தட்டினார், உள்ளங்கையில வெச்சு எடை பார்த்தார். "என்ன மெட்டல்ங்க இது?"

"டைட்டானியம்ங்க சார்."

"நம்ம பட்டறை அடுப்புல உருகாது"ன்னு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னார். பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம் அவர் வாயில வந்த முதல் கிண்டல் அது.

நடுவுல மெத்துன்னு ஒரு சிலிகான் மூடி. அதுலதான் குத்துவாங்க. நூத்துக்கணக்கான தடவை குத்தினாலும் தானா மூடிக்குமாம். ஊசியும் சாதா ஊசி இல்ல, ஹியூபர் ஊசின்னு பேரு. நுனி லேசா வளைஞ்சிருக்கும், சிலிகானைத் துணுக்கா வெட்டி எடுக்காம விலக்கிட்டு உள்ள போகும். பனியன் துணிக்கு நாங்க பால் பாயிண்ட் ஊசி போடுறதும் இதே காரணத்துக்குத்தான், கூர் ஊசி போட்டா இழை அறுந்து ஓட்டை விழுந்துடும். நர்ஸ்கிட்ட இதைச் சொன்னேன். அவங்க அந்த ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

போர்ட் வெக்கிற அன்னைக்குக் கழுத்துல ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னுட்டாங்க. தாலிச் செயினைக் கழட்டி அத்தை கையில கொடுத்தேன். அவங்க மஞ்சக் கயிறு கையோட கொண்டுவந்திருந்தாங்க, மணிக்கட்டுல கட்டிவிட்டாங்க. முழு மயக்கம் கிடையாது. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி, கூடவே லேசா கிறக்கம் வர ஒரு மருந்து. தலையை வலப்பக்கம் திருப்பி, முகத்தையும் சேர்த்துப் பச்சைத் துணியால மூடிட்டாங்க. எல்லாத்தையும் சொன்னவங்க இந்தத் துணியை மட்டும் சொல்லவே இல்ல. மூச்சு முட்டாது, ஆனா முட்டுதுன்னு மனசு அடிச்சுக்கும். அப்போ துணியோட ஓரத்தைத் தூக்கி ஒரு சின்னப் பொண்ணு எட்டிப் பார்த்துச்சு, இன்னொரு நர்ஸ்.

"அக்கா, பிளவுஸ் தைக்கிறீங்களாமே. ஆரி ஒர்க்குக்கு என்னக்கா வாங்குறீங்க?"

"எந்த டிசைனு கண்ணு?"

"கைக்கு மட்டும்க்கா. மயிலு."

"மயிலுன்னா தோகைக்குக் கல்லு வெக்கணுமா, வெறும் ஜரி போதுமா?"

பேசிட்டே இருக்கறப்ப கழுத்துல யாரோ அழுத்தினாங்க, தோள்கிட்ட தோலைப் பிடிச்சு இழுத்தாங்க. வலி இல்ல. நாங்க ரேட் பேசி முடிக்கறதுக்குள்ள "ஆச்சும்மா"ன்னுட்டாங்க. அப்புறம் ஒரு எக்ஸ்ரே. குழாய் சரியான இடத்துல நிக்குதா, நுரையீரல்ல எதுவும் படலையான்னு பார்க்க.

கட்டுப் பிரிச்சதும் கண்ணாடியில நான் பார்த்தது தையலைத்தான். கரையிற நூலாம், வெளியே தெரியாம தோலுக்குள்ளயே ஓட்டியிருக்காங்க. இழுப்பு இல்ல. ஒரு ஓரத்துல மட்டும் லேசா மடிப்பு. நூத்துக்குத் தொண்ணூறு போடலாம்.

இது ஆடி மாசம் வேற. கோட்டை மாரியம்மன் பண்டிகை, எங்க குகையில வண்டி வேடிக்கை, தெருவெல்லாம் மைக் செட்டு. பண்டிகைக்கு வந்த சொந்தக்காரங்ககிட்ட ஆளுக்கொரு கதை இருந்துச்சு. "எங்க ஓரகத்தியோட அக்காளுக்கும் இதேதான்"னு ஆரம்பிச்சு பாதியில நிறுத்திடுவாங்க. நிறுத்தினாலே மீதி தெரிஞ்சிடும். ஆவணிக்குத் தள்ளி வெக்கலாமேன்னு ஒரு பெரியவர் சொன்னப்ப அத்தைக்குக் கோபம் வந்துடுச்சு. "கட்டி பஞ்சாங்கம் பார்த்துட்டா வந்துச்சு? கூழு குடிச்சிட்டுக் கிளம்புங்க சாமி."

முடியைப் பத்திக் கேக்கறவங்கதான் ஜாஸ்தி. ரெண்டு மூணு வாரத்துல கொட்ட ஆரம்பிக்கும், எல்லாம் முடிஞ்சதும் முளைக்கும். அதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

எனக்கு நிஜமான தொல்லை பிளவுஸ்தான். முந்தானை விழுறது இடது தோள், பின் குத்துறது இடது தோள், ஹேண்ட்பேக் மாட்டுறதும் அங்கதான். டேப்பைக் கழுத்துல போட்டா நுனித் தகரம் சரியா போர்ட் மேல வந்து இடிக்குது, அதனால அது இப்போ மெஷின்லதான் தொங்குது. பழைய பிளவுஸ்ல முன்கழுத்து ஓரம் அந்த மேட்டு மேலயே ஓடுது, பைப்பிங் வெச்சதா இருந்தா உரசிச் சிவந்துடுது. கீமோவுக்கு உட்காரும்போது இன்னும் மோசம். முன்பக்க ஹூக்கை அவிழ்த்துட்டு மணிக்கணக்கா நாலு பேர் மத்தியில உட்கார முடியுமா?

புதுசா வெட்டினேன். டூ பை டூ ரூபியா, லைனிங் கிடையாது. முன்கழுத்து ஆழத்தைக் குறைச்சு, ஓரம் போர்ட்டுக்கு மேல ஏறிப்போற மாதிரி வெட்டு. இடது ஷோல்டர் ஜாயிண்டைத் தைக்காம விட்டு, ரெண்டு பக்கமும் பட்டி வெச்சு பிரஸ் பட்டன். உலோகம் வேண்டாம், பிளாஸ்டிக் போதும், தோள் எலும்பு மேல அழுத்தாம கொஞ்சம் பின்னால தள்ளி. திறந்தா முன்துணியோட அந்த முனை மட்டும் மடிஞ்சு இறங்கும். போர்ட் தெரியும், வேற எதுவும் தெரியாது. வலது கைக்குழியில அரை இஞ்ச் லூஸ் விட்டிருக்கேன். கட்டியை எடுக்கற ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தக் கை வீங்க வாய்ப்பு இருக்குன்னு சொல்லியிருக்காங்க.

ராத்திரி மெஷின் ஓட்டினா வீடே முழிச்சுக்கும், அதனால ஹூக் கட்டுறதும் ஹெம்மிங்கும்தான். தியானம் பண்ணச் சொல்றாங்க. கண்ணை மூடினா எனக்குப் பச்சைத் துணிதான் வருது. ஊசி பிடிச்சா முதல்ல கை நிதானமாகுது, நெஞ்சு படபடக்கறது அப்புறம் மெதுவா அடங்குது. பயம் போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அளவு நோட்டோட கடைசிப் பக்கத்துல டாக்டர்கிட்ட கேட்டதையெல்லாம் பதிலோட எழுதி வெச்சிருக்கேன். காய்ச்சல் 100.4 டிகிரி வந்துட்டா ராத்திரி பகல் பார்க்காம போன் பண்ணணும், நாமளா மாத்திரை போட்டு அமுக்கக்கூடாது. போர்ட்டைச் சுத்திச் சிவந்தாலோ, இடது கையோ கழுத்தோ வீங்கினாலோ அன்னைக்கே போகணும். சிவப்பு மருந்து ஏத்தினா ஒண்ணு ரெண்டு நாள் சிறுநீர் சிவப்பாப் போகும், ரத்தம்னு பதறக்கூடாது. கீமோ முடிஞ்சு சும்மா இருக்கற காலத்துலயும் போர்ட் அடைச்சுக்காம இருக்க அப்பப்போ மருந்துத் தண்ணி விட்டு அலசணும். ஊசி குத்தறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தடவிக்க மரத்துப்போற கிரீம் உண்டு. நான் கேட்டதாலதான் சீட்டுல எழுதினாங்க, அதனால நீங்களும் கேளுங்க. மெஷின் மிதிக்கலாமான்னதுக்கு, உடம்பு இடம் கொடுத்தா தாராளமா மிதிங்க, ஆனா வெள்ளணு குறையிற நேரத்துல விரல்ல ஊசி ஏத்திக்காதீங்கன்னாங்க. ஆவணி முகூர்த்த ஆர்டர் எடுக்கலாமான்னதுக்கு மட்டும், முதல் தடவை எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்னுட்டாங்க. நான் ஏற்கெனவே ரெண்டு பேர்கிட்ட துணி வாங்கி வெச்சிருக்கேன்.

போர்ட் வெக்கச் சொல்லியிருக்கற யாருக்காவது இந்த பிளவுஸ் வேணும்னா சொல்லுங்க, பேப்பர்ல வெட்டியே தர்றேன். தையல் ஆறினதும், ஷோல்டர் ஜாயிண்ட்ல இருந்து மேட்டோட கீழ் ஓரம் வரைக்கும் எத்தனை இஞ்ச்னு அளந்து சொன்னாப் போதும். கூலி வேண்டாம். மயிலு வேணும்னா மட்டும் ரேட் பேசிக்கலாம்.